மணிக்கட்டைப் பிடித்த இடம்

1992 பெப்ரவரி 11, செவ்வாய்

ஒரு பிழை விட்டிருக்கிறேன். சின்னப் பிழைதான். வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகையில் ஒரு கதைக்குக் கீழே எழுதியவரின் பெயரைப் போட மறந்துவிட்டேன். அந்தக் கதை என்னுடையது.

எப்படி நடந்தது என்று ஒழுங்காக எழுதி வைக்கிறேன். சஞ்சிகை முழுவதையும் பிரதி பண்ணுவது நான்தான். எழுத்து உருண்டையாக இருக்கிறது என்று அந்த வேலையைத் தந்திருக்கிறார்கள். தாள் தட்டுப்பாட்டில் அப்பியாசக் கொப்பித் தாளில் ஒரே ஒரு பிரதிதான் எழுதுகிறோம். பின்னேர வகுப்பில் இருக்கும் பத்துப் பேரும் முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். உள்ளடக்கம் என்று ஒரு பக்கத்தைச் செலவழிப்பதில்லை. எல்லாவற்றையும் நீல மையில் எழுதி முடித்த பிறகு பெயர்களை மட்டும் சிவப்பில் எழுதுவது என் வழக்கம். என் கதை இருபத்திரண்டாம் பக்கத்தின் நடுவில் முடிகிறது. மிச்ச இடத்தில் அடைக்கலநாதன் அண்ணையின் கவிதை. கவிதைக்குக் கீழே அவருடைய பெயரை எழுதினேன். கதைக்குக் கீழே எழுதவில்லை.

பகலில் நான் டிஸ்பென்சரியில் மருந்துப் போத்தல்களுக்கு லேபல் எழுதுகிறவள். இரண்டு வருடத்தில் ஒரு போத்தலையும் பெயரில்லாமல் வெளியே விட்டதில்லை.

கதையும் கவிதையும் ஒரே ஆளுடையவை என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். இன்று இலக்கிய வட்டக் கூட்டத்தில்தான் எனக்கு அது தெரிந்தது. வட்டத்தின் தலைவர் ஆழ்வாப்பிள்ளை சேர். வெளிவாரிப் பட்டத்துக்கு எங்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறவர். பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிளில் வருகிறார். பத்திரிகையில் நூல் மதிப்புரை எழுதுகிறவர். எங்கள் வகுப்பாரின் கதைகளில் நல்லவற்றைத் தேர்ந்து ஒரு தொகுப்பாக அச்சிடப் போகிறார். அச்சகமும் சம்மதித்துவிட்டது.

நான் வட்டத்தின் செயலாளர். பேசுவதைக் குறித்து அறிக்கைப் புத்தகத்தில் எழுதுவது என் கடமை. சேர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

“இந்தச் சஞ்சிகையில் ஒரே ஒரு கதைதான் கதை. மீன் ஏலத்தில் அந்தோனியா விலை கூறுபவனின் மணிக்கட்டைப் பிடிக்கும் இடம் இருக்கிறதே, அது ஒரு தனிப் பெண்ணின் கை அல்ல. உழைக்கும் மக்களின் கை. எழுத்தாளர் தன்னை முற்றாக மறைத்துக்கொண்டு ஒரு சமூகத்தைப் பேச வைத்திருக்கிறார். அடைக்கலநாதனிடம் இவ்வளவு இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை.”

கதை இவ்வளவுதான். கடலில் இறங்கத் தடை வந்த பிறகு குருநகர்க் கரைக்கு வருவது கடனீரேரிக்குள் பிடிபடும் மீன் மட்டும். குவியல்கள் சின்னவை, கேட்கும் ஆட்கள் கூடுதல். ஏலம் கூறுபவன் சைக்கிள் வியாபாரிகள் கேட்கும் விலையைத்தான் திருப்பிக் கூறுகிறான். பனையோலைக் கடகத்தோடு நிற்கும் அந்தோனியா அவர்களைவிடக் கூடக் கேட்டாலும் அவன் காதில் விழுவதில்லை. ஒரு நாள் அவள் அவனுடைய மணிக்கட்டைப் பிடிக்கிறாள். தன் விலையை அவன் வாயால் கூறும்வரை விடவில்லை. கூறுகிறான். அவள் மீனை அள்ளிக்கொண்டு போகிறாள். முடிந்தது.

சேர் பேசத் தொடங்கியதும் நான் எழுந்து “அது என்ரை கதை” என்று சொல்லியிருக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடத்தில் விளங்கிவிட்டது. சொல்லவில்லை. ஏனென்று யோசித்தேன். ஒரு காரணம், செயலாளர் குறுக்கே பேசுவதில்லை. மற்றக் காரணத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. கேட்க நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்போம் என்று இருந்துவிட்டேன்.

அடைக்கலநாதன் அண்ணை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 12, புதன்

அடைக்கலநாதன் அண்ணை எங்கள் பகுதிதான். மீனவர் சங்கத்தில் கிளாக். வகுப்பு முடிந்து சைக்கிளில் திரும்பும்போது அவருக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போனேன்.

“அண்ணை, நேற்று சேர் சொன்னது என்ரை கதையை.”

“தெரியும் தங்கச்சி. நான் எழுதாதது எனக்குத் தெரியாதே?”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“நீர் ஏன் சொல்லேல்லை? நீர்தான் எழுதினது.”

பிறகு அவரே சொன்னார்:

“உண்மையைச் சொல்லுறன். போன கிழமை சஞ்சிகை என்னட்டை இருக்கேக்கை சங்கத்திலை வைச்சு அந்தக் கதையை வாசிச்சுக் காட்டினனான். இன்னாசித்தம்பியரும் இருந்தவர். நான் எழுதினதெண்டு நினைச்சு விழுந்து விழுந்து சிரிச்சார். எங்கடை கரையை எழுத ஒருத்தன் வந்திட்டான் எண்டு பிளேன்ரீ எடுத்துத் தந்தவர்.”

இன்னாசித்தம்பி எங்கள் கரையில் உண்மையாகவே ஏலம் கூறுகிறவர். அம்மா தினமும் விற்பதற்கு மீன் எடுப்பது அவரிடம்.

“அவர் கோவிக்கேல்லையோ?”

“ஏன் கோவிப்பான்? கதைதானே. தன்னைப் போலவே இருக்குதாம் எண்டு பெருமை அந்தாளுக்கு.”

“அவரிட்டைச் சொல்லிப் போடாதேங்கோ. நான் முதல்லை சேரிட்டைச் சொல்லுறன்.”

“சொல்லித்தான் ஆக வேணுமோ? என்ரை பேரிலையே போகட்டுமன். எனக்காக இல்லை, உமக்குத்தான் நல்லது.”

பகிடிக்குச் சொல்கிறாரென்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

சேரிடம் சொல்லிவிட்டேன். வகுப்பு தொடங்குவதற்கு இருபது நிமிடம் முந்திப் போய்ச் சொன்னேன்.

“நீரோ எழுதினீர்?” என்று கேட்டார். கோபமில்லை. உண்மையான ஆச்சரியம். சஞ்சிகையை வாங்கி ஜன்னலடியில் நின்று முதலிலிருந்து திரும்ப வாசித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“அம்மா கரையிலை மீன் எடுக்கிறவ எல்லே?”

“ஓம் சேர்.”

“அப்ப இது நடந்தது.”

“இல்லை சேர். அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை. நானா யோசிச்சு எழுதினது.”

“நடக்காமல் எப்பிடிப் பிள்ளை எழுதுறது? உதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை. பெண்பிள்ளையள் தங்கடை வாழ்க்கையைத்தான் எழுதுவினம். அதிலைதான் உண்மை இருக்கும்.” பக்கத்தைத் திருப்பினார். “ஆனா ஒண்டு. அந்த மணிக்கட்டைப் பிடிக்கிற இடம் இருக்கெல்லே, இப்ப வாசிக்கேக்கை வேறை மாதிரிப் படுது.”

“எப்பிடி சேர்?”

“அதிலை ஒரு ஏக்கம் தெரியுது. ‘மணிக்கட்டு சூடாக இருந்தது’ எண்டு எழுதியிருக்கிறீர் பாரும்.” சஞ்சிகையை மூடினார். “போன கூட்டத்திலை நான் வேறை அடிப்படையிலை கதைச்சிட்டன். அடுத்த கூட்டத்திலை திருப்பி ஆராய வேணும். அதுதான் நேர்மை.”

சேர் கெட்டவர் இல்லை. எனக்கு எத்தனையோ புத்தகம் இரவல் தந்திருக்கிறார். வகுப்புக் கட்டணம் பிந்தினால் கேட்பதில்லை. ஆகையால் அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பந்தியை ஐந்து தரம் வாசித்தேன். ‘சூடாக இருந்தது’ என்று ஏன் எழுதினேன்? மீன் அள்ளுகிறவர்களின் கை எப்போதும் குளிர்ந்து, செதில் ஒட்டிப்போய் இருக்கும். கூறுபவன் மீனைத் தொடுவதில்லை. வாயால் மட்டும்தான் அவனுக்கு வேலை. அவனுடைய கை சூடாகவும் காய்ந்தும் இருக்கும். அந்த வித்தியாசத்தை அவள் முதல் தரமாக உணர்கிறாள். அதற்காகத்தான் எழுதினேன். அப்படித்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன். இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. மூன்றாம் தரம் வாசிக்கும்போது எனக்கே ஏக்கம் போலப் பட்டது.

அந்தச் சொல்லைப் பென்சிலால் அடித்தேன். பிறகு அழித்து, அடித்ததை எடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அறிக்கைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். நான் செயலாளராக வந்து இரண்டு வருடமும் மூன்று மாதமும். அதற்குள் வட்டத்தில் முப்பத்தொரு நூல்களும் ஆக்கங்களும் ஆராயப்பட்டிருக்கின்றன. பெண்கள் எழுதியவை ஐந்து.

ஒரு தாளை இரண்டாகக் கோடிட்டு, சேர் சொன்ன சொற்களைப் பிரித்து எழுதினேன். ஒரு பக்கத்தில் சமூகப் பார்வை, வீச்சு, காலத்தின் குரல், ஆழம். மற்றப் பக்கத்தில் மென்மை, நுண்ணுணர்வு, பெண்ணுள்ளம், வளர வேண்டிய எழுத்து. ஒரு பெண்ணின் நாவலைப் பற்றி, ‘கணவர் தமிழாசிரியர் என்பதால் மொழி சுத்தமாக இருக்கிறது’ என்றும் இருக்கிறது. எல்லாம் என் உருண்டை எழுத்தில். எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஐந்து என்பது போதாத எண்ணிக்கை. இதை வைத்து ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்று தாளின் அடியில் எழுதினேன்.

அதோடு, 1990 ஆடி மாத அறிக்கையில் ஒரு பெண்ணின் கவிதையைப் பற்றி ஒரு கருத்து: ‘வீட்டு வாசலைத் தாண்டி வெளியே வரவில்லை.’ சொன்னவர் பெயரைப் பார்த்தேன். செல்வி சி. சிசிலியா. நான்தான். எந்தக் கவிதை என்பதுகூட நினைவில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

அம்மா கரையிலிருந்து வந்து கடகத்தை முற்றத்தில் போட்ட சத்தத்திலேயே ஏதோ நடந்திருக்கிறதென்று தெரிந்தது. ஐயா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“எடி, என்னத்தை எழுதினனீ?”

“என்னம்மா?”

“இன்னாசித்தம்பி எல்லாருக்கும் முன்னாலை கேக்கிறான். ‘என்ன லூர்த்தம்மாக்கா, உன்ரை மோளுக்கு என்ரை கையிலை அப்பிடி என்ன ஆசை?’ எண்டு. நிண்ட ஆம்பிளையள் எல்லாம் சிரிக்கிறாங்கள். ஒருத்தன் சொல்லுறான், ‘மோள் எங்கை பிடிச்சது, தாய்தான் பிடிச்சிருப்பா, மோள் எழுதினது’ எண்டு. எனக்கு அம்பத்திரண்டு வயசு.”

அடைக்கலநாதன் அண்ணை சங்கத்தில் சொல்லியிருக்கிறார். கதை தன்னுடையதல்ல, ஐயாவின் பெயரைச் சொல்லி, சிமியோனுடைய மகளுடையது என்று. சொல்லாதேங்கோ என்றுதான் கேட்டேன். ஆனால் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல வழியில்லை.

“அது ஆரையும் பற்றினதில்லை அம்மா. அந்தோனியா எண்டு ஒரு ஆளே இல்லை.”

“இல்லாத ஆளெண்டால் ஏன் எனக்கு மீன் தரேல்லை? நான் கேட்ட விலை அவன்ரை காதிலை விழேல்லையாம். எல்லாத்தையும் சைக்கிள்காரருக்குப் போட்டிட்டான். கடைசியாக் கிடந்த காரல்தான் கிடைச்சுது. அதையும் ஆர் வாங்குவினம், முள்ளு.”

ஐயா அப்போதுதான் வாயைத் திறந்தார். “அடைக்கலநாதன் எழுதினதெண்டு சொல்லேக்கை இன்னாசித்தம்பி தேத்தண்ணி வாங்கிக் குடுத்தவன்.”

“அவன் ஆம்பிளை. அவன்ரை கதை கதை,” என்றார் அம்மா. பிறகு காரலைக் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

நான் அந்தக் கதையை எழுதும்போது யாரையும் மனதில் வைக்கவில்லை என்று இங்கே எழுத விரும்புகிறேன். ஆனால் அது முழு உண்மையல்ல. அம்மா கேட்கும் விலை இன்னாசித்தம்பியின் காதில் விழாமல் போவதைச் சின்ன வயதில் நாலைந்து தரம் பார்த்திருக்கிறேன். பிடித்த கை மட்டும்தான் கற்பனை.

பெப்ரவரி 21, வெள்ளி

சேர் தொகுப்புக்கு எடுக்கும் கதைகளின் பட்டியலை வாசித்தார். ஒன்பது. என்னுடையதும் இருக்கிறது. ஆனால் வகுப்பு முடிய என்னை மறித்து வைத்துச் சொன்னார்:

“பிள்ளை, ஊரிலை கதை அடிபடுதாம், அடைக்கலநாதன் சொன்னவன். நான் உம்மடை நன்மைக்குத்தான் சொல்லுறன். இரண்டு வழி இருக்கு. உம்மடை பேரிலை போடுறதெண்டால் அந்த மணிக்கட்டுப் பந்தியை எடுத்துப் போடுவம். அந்தோனியா கேக்கிறாள், அவன் தரேல்லை, வெறும் கடகத்தோடை வீட்டை போறாள். உருக்கமா இருக்கும். வாசிக்கிறவைக்குக் கண்ணீர் வரும்.”

“மற்ற வழி சேர்?”

“கதை உள்ளபடி போகட்டும். பேர் வேண்டாம். ‘ஒரு குருநகர்வாசி’ எண்டு போடுவம். இல்லாட்டி ஒரு ஆம்பிளைப் பேர் வைச்சுக்கொள்ளும். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் முடிய யோசிச்சுச் சொல்லும். புதன் பின்னேரம் நாலு மணிக்கு அச்சகத்துப் பிரதி என்ரை கையிலை வரவேணும்.”

அச்சகத்துக்கான பிரதியை எழுதுவதும் நான்தான். ஒன்பது கதைகளையும் நானே நல்ல தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆக, எடுக்கச் சொன்னால் என் கையாலேயே எடுக்க வேண்டும்.

வகுப்பில் என்னைத் தவிர ஒரே ஒரு பெண் பத்மாசினி. தொண்டைமானாற்றுக்காரி. அவளுடைய தகப்பனும் தமையன்மாரும் கடல் தொழிலுக்குப் போனவர்கள். போன வருடம் இடம்பெயர்ந்து வந்து நல்லூரில் மாமி வீட்டில் இருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு நின்றவள் என்னைக் கண்டு நிமிர்ந்தாள்.

“சேர் உம்மை மறிச்சு என்னவாம்?”

சொன்னேன். கேட்டுவிட்டுப் பம்பைக் கழற்றினாள்.

“நான் உம்மடை கதையை வாசிச்சனான். எனக்கு ஒரு இடம் பிடிக்கேல்லை. கோவியாதையும்.”

“மணிக்கட்டோ?”

“மணிக்கட்டிலை என்ன இருக்கு? எனக்கு முடிவு பிடிக்கேல்லை. அண்டைக்கு அவள் அவன்ரை கையைப் பிடிச்சு மீனை அள்ளிக்கொண்டு போட்டாள். சரி. அடுத்த நாளும் அதே கரைக்கு, அதே ஆளிட்டைத்தானே வரவேணும். அப்ப அவன் சும்மா விடுவானே? உம்மடை கதை அண்டையோடை முடிஞ்சு போச்சு. எங்கடை பக்கத்திலை எண்டால் அண்டைக்குத்தான் கதை தொடங்கும்.”

முதலில் வந்தது கோபம். அந்த அடுத்த நாளை அம்மா கரையில் பட்டுக்கொண்டிருக்கும்போது இவள் இதைக் கேட்கிறாளே என்று. பிறகு ஒன்று விளங்கியது. இந்தப் பத்து நாளில் கதையைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். மற்றதெல்லாம் அடைக்கலநாதனைப் பற்றியும் என்னைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும்.

“கூட்டத்திலை இதைச் சொல்லுவீரோ?” என்று கேட்டேன்.

“நானோ? மாமி என்னை வகுப்புக்கு விடுறதே பெரிய பாடு. ‘அந்தக் கதை எழுதின பெட்டையோடை சேருறியோ’ எண்டு கேட்டிட்டா.” சைக்கிளில் ஏறினாள். “ஆனா உமக்கு எதிரா ஏதும் பிரேரிச்சால் கையும் தூக்க மாட்டன், பயப்படாதையும்.”

பெப்ரவரி 25, செவ்வாய்

கூட்டம் நடந்தது. வந்தவர்கள் ஒன்பது பேர். நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

வழக்கப்படி முதலில் கடந்த கூட்ட அறிக்கையை வாசித்தேன். சேர் சொன்னதை, ‘உழைக்கும் மக்களின் கை’ என்பதையும் ‘தன்னை முற்றாக மறைத்துக்கொண்டு’ என்பதையும் எழுதியபடியே வாசித்தேன். பிறகு பொருளாளர் நாகலிங்கம் எழும்பினார். எதையும் பகிடியாக்கிப் பேசுகிறவர்.

“தலைவர் அவர்களே, அந்தப் பகுதி ஆளை மாறிச் சொன்னது. மருந்தை மாறிக் குடுத்தால் டிஸ்பென்சரியிலை திருப்பி வாங்குவினம்தானே. அதை நீக்கிப் போட்டு ‘ஒரு சிறுகதை ஆராயப்பட்டது’ எண்டு போடலாமெண்டு பிரேரிக்கிறன்.”

சிரித்தார்கள். அடைக்கலநாதன் அண்ணை ஆமோதித்தார். என்னைப் பார்க்கவில்லை. ஆறு பேர் கை தூக்கினார்கள். பத்மாசினி தூக்கவில்லை. எதிர்க்கிறவர்கள் உண்டோ என்று சேர் கேட்கவில்லை. செயலாளருக்கு வாக்கு இல்லை.

திருத்தத்தை எழுதுவது என் வேலை. நீக்கும் வரிகளை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் திருத்தத்தை எழுதி, தலைவரிடம் ஒப்பம் வாங்க வேண்டும். ஐந்து வரிகள். அடிமட்டம் வைத்து அடித்தேன். சேர் ஒப்பம் வைத்தார்.

பிறகு சேர் பேசினார். அதையும் எழுதினேன்: “செல்வி சிசிலியா வளர்ந்து வரும் ஒரு பெண் எழுத்தாளர். தாயின் துயரத்தை மகள் கண்ணால் கண்டு எழுதிய கதை இது. கண்ணீரின் ஈரம் தெரிகிறது. மணிக்கட்டைப் பிடிக்கும் இடத்தில் ஒரு இளம் பெண்ணின் உள்ளக்கிடக்கை தன்னை அறியாமலே வெளிப்பட்டுவிடுகிறது. அதைத் தவிர்த்திருந்தால் கதை இன்னும் மென்மையாக இருந்திருக்கும்.”

மூன்று நிமிடம். முதல் தரம் இருபது நிமிடம்.

முடிய என்னை ஏற்புரைக்கு அழைத்தார்கள். ஏற்புரைக்கென்று ஐந்து குறிப்பு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒன்று, மீனைத் தொடாத கை ஏன் சூடாக இருக்கிறது என்பது. இரண்டு, நடக்காததையும் எழுதலாம் என்பது. மூன்று, கதையின் முடிவில் உள்ள உண்மையான குறை. நான்கும் ஐந்தும் சேரின் இரண்டு பேச்சையும் ஒப்பிடுவது. எழுந்து நின்றேன். எல்லோரும் நல்ல முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருவராவது கோபமாகப் பார்த்திருந்தால் பேசியிருப்பேன்.

“நேரம் எடுத்து வாசிச்ச எல்லாருக்கும் நன்றி,” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். நான் சொன்னதையும் நானே அறிக்கையில் எழுதினேன். ஒரு வரி.

வெளியே வரும்போது சேர் கேட்டார். “என்ன முடிவு பிள்ளை? பேரோ, பந்தியோ?”

“நாளைக்குப் பிரதியோடை சொல்லுறன் சேர்.”

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பெயர் வேண்டாம். எனக்காக அம்மா எட்டு நாளாகக் காரல் விற்கிறார். பெயரை எடுத்தால் இன்னாசித்தம்பி விட்டுவிடக்கூடும். அம்மா குசினிக்குள் கூனி இறால் வறுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடி சொன்னேன்.

“அம்மா, அந்தக் கதையிலை என்ரை பேரைப் போடேல்லை. அச்சிலை பேரில்லாமல் வரும். இனி அவர் ஒண்டும் கேக்க மாட்டார்.”

அம்மா அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“விசர் கதை கதைக்காதை. கரை முழுக்கத் தெரியும். இனிப் பேரை எடுத்தாலென்ன, போட்டாலென்ன? எடுத்தால் இன்னும் மோசம். ‘பாத்தீங்களே, ஒளிக்கினம், அப்ப உண்மைதான்’ எண்டு சொல்லுவாங்கள்.”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறீங்கள்?”

“என்னைக் கேக்காதை. எழுதேக்கை என்னைக் கேட்டே எழுதினனீ?” திரும்பவும் அகப்பையை எடுத்தார். “நீ போடு, போடாதை. நாளைக்கு விடிய நான் அவனிட்டைத்தான் போகவேணும். அவன் எனக்குக் கடைசியாத்தான் தருவான்.”

அடுத்த நாள் என்ன நடக்கும் என்று பத்மாசினி கேட்டது அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் எட்டு நாளாக அம்மா போய்வருவது அங்கேதான். நான் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. வீட்டில் இருந்து ‘சூடாக இருந்தது’ என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாளைக்கு நானும் வரட்டே?”

“எங்கை?”

“கரைக்கு.”

அம்மா கூனியைக் கிளறினார்.

“வா. ஆனா வாயைத் திறக்காதை,” என்றார். பிறகு, “கையையும் உன்னோடை வைச்சுக்கொண்டிரு,” என்றார். ஐயா வெளியே சிரிப்பது கேட்டது.

பெயரும் இருக்கும், பந்தியும் இருக்கும். ‘சூடாக’ என்பதும் இருக்கும். சேர் அதை எடுக்காமலும் விடலாம். எட்டுக் கதையோடு தொகுப்பு வரும், என்னுடையது கொப்பித் தாளிலேயே கிடக்கும். கூடுதலாக அப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். எடுத்தாலும் முன்னுரையில் கண்ணீரின் ஈரம் என்றுதான் எழுதுவார். அம்மாவுக்கு நாளை மறுநாளும் காரல்தான். இவற்றில் எதையும் என்னால் மாற்ற முடியுமென்று தோன்றவில்லை. கதையின் முடிவு பிழை என்பது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. அதை மட்டும் திருத்தலாம்.

நாளை செய்ய வேண்டியவை: விடிய ஐந்தரைக்கு அம்மாவோடு கரைக்குப் போவது. ஏலம் முடியும்வரை நின்று பார்ப்பது. வந்து, அந்தோனியா அடுத்த நாள் கரைக்கு வருவதை இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதுவது. பிரதி எழுதவென்று ஏற்கனவே மத்தியானம் வரை டிஸ்பென்சரிக்கு லீவு கேட்டாயிற்று. மற்ற எட்டுக் கதைகளின் பிரதியும் தயார். நாலு மணிக்கு எல்லாவற்றையும் சேரிடம் கொடுப்பது.